மணியோசை கேட்கும் தூரம்: ஒசாகாவின் செம்பாவில் ஐந்து நாள்

முதல் நாள், புதன்

மகள் காலை எட்டேகாலுக்கு அலுவலகம் கிளம்பினாள். நானும் செருப்பை மாட்டிக்கொண்டேன். "ஊர் பார்க்க வந்தவர்கள் கோட்டைக்குப் போவார்கள், கியோட்டோவுக்குப் போவார்கள். நீங்கள் என் அலுவலகத் தெருவுக்கு வந்து என்ன செய்யப்போகிறீர்கள், அப்பா?" என்று ரயிலில் கேட்டாள். கோட்டையைப் போன முறையே பார்த்தாயிற்று. அது 1931-இல் கான்கிரீட்டில் எழுப்பியது. உள்ளே லிஃப்ட் ஓடுகிறது. கியோட்டோவில் கோயில் தெரிய வேண்டுமானால் முதலில் கூட்டம் விலக வேண்டும். முப்பது ஆண்டுகள் அடுத்தவர் கணக்கைத் தணிக்கை செய்து பிழைத்தவன் நான். ஓர் ஊரில் கால் வைத்தால் அதன் கல்லாப்பெட்டி எங்கே இருக்கிறது என்றுதான் கண் தேடும். ஒசாகாவின் கல்லாப்பெட்டி செம்பா.

விமான நிலையத்தில் பணம் மாற்றியபோது பத்தாயிரம் யென் நோட்டுகள் இரண்டு முகங்களோடு வந்தன. பழையதில் ஃபுகுசாவா யுகிச்சி. 2024 ஜூலையில் வெளியான புதியதில் ஷிபுசாவா எய்ச்சி. முதலாமவர் படித்தது செம்பாவில். இரண்டாமவர் பணக்காரர்களைத் திரட்டி ஆலை தொடங்கியது இதே ஒசாகாவில். இருவரையும் பர்ஸில் வைத்துக்கொண்டுதான் யோடோயாபாஷி நிலையத்தில் இறங்கினேன்.

செம்பா என்று இன்று எந்த வட்டமும் இல்லை. சூவோ வட்டத்துக்குள் அடங்கிவிட்ட பழைய பெயர் அது. வடக்கே டொசாபோரி ஆறு; மற்ற மூன்று பக்கமும் வெட்டிய கால்வாய்கள். வடக்கு தெற்காக இரண்டு கிலோமீட்டர், கிழக்கு மேற்காக ஒன்று. தெற்கு, மேற்குக் கால்வாய்களைத் தூர்த்துவிட்டார்கள். கிழக்குக் கால்வாய் மட்டும் இன்னும் தண்ணீரோடு கிடக்கிறது, தலைக்குமேல் விரைவுச்சாலையைச் சுமந்துகொண்டு. படைத்தலைவர் டொயோடொமி ஹிடெயோஷி 1583-இல் கோட்டை கட்டத் தொடங்கியபோது, படைக்கும் அரண்மனைக்கும் சரக்குக் கொடுக்க ஆள் வேண்டுமே என்று சகாய், ஃபுஷிமி போன்ற ஊர்களிலிருந்து வணிகர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய இடம் இது. தெருக்களைக் கட்டம் கட்டமாகப் போட்டார்கள். வீடுகளின் முதுகுப்புறம், இரண்டு வரிசைக்கும் நடுவில், கல் பாவிய சாக்கடை ஓடியது. அந்தச் சாக்கடைகளில் ஒரு பகுதி இன்றும் வேலை செய்கிறது. கோட்டை மூன்று முறை எரிந்து மாறியது, சாக்கடை நின்றுவிட்டது.

கிழக்கு மேற்காக ஓடும் தெருவுக்கு 'டோரி' என்றும், வடக்கு தெற்காக ஓடுவதற்கு 'சுஜி' என்றும் பெயர். கோட்டையை நோக்கிப் போகும் டோரிதான் பெருந்தெரு. கடைகளெல்லாம் அதைப் பார்த்தே இருந்தன. சுஜி வெறும் குறுக்குச் சந்து. இன்று நான் நிற்கும் மிடோசுஜி அப்படி ஆறு மீட்டர் அகலச் சந்தாக இருந்ததுதான். 1926-இல் தொடங்கி 1937-இல் முடித்து, 44 மீட்டர் அகலமும் நான்கு கிலோமீட்டர் நீளமுமாக விரித்துவிட்டார்கள். செய்தவர் மேயர் செக்கி ஹாஜிமே, பொருளாதாரப் பேராசிரியராக இருந்தவர். 'ஊர் நடுவில் விமானத் தளமா கட்டுகிறாய்?' என்று கேலி செய்தார்களாம். சாலையால் நிலத்தின் மதிப்பு ஏறுகிறதல்லவா, அப்படியானால் செலவில் ஒரு பங்கை நீங்களே கொடுங்கள் என்று இருபுறத்து நில உரிமையாளர்களிடமும் வரி வாங்கியதுதான் அவருடைய சாமர்த்தியம். நல்ல கணக்கு. கொடுத்தவர்கள் முனகியிருப்பார்கள், முனகாத வரி எங்கே இருக்கிறது?

சாலைக்குக் கீழேயே சுரங்க ரயிலும் போட்டார்கள். 1933-இல் ஓடத் தொடங்கியபோது ஒரே ஒரு பெட்டிதான். நடைமேடையோ பின்னால் வரப்போகும் நீண்ட ரயில்களுக்காக முன்கூட்டியே நீளமாகக் கட்டப்பட்டிருந்தது. இன்று காலை எட்டே முக்காலுக்கு அந்த நடைமேடையில் நசுங்கியபோது, மேயரை நினைத்துக்கொண்டேன். சாலை முடிவதற்கு முன்பே, 1935-இல், பதவியிலிருந்தபடியே அவர் இறந்துபோனார்.

கூட்டம் ஒன்பது மணிக்கு வடிந்துவிடுகிறது. இருபுறமும் கின்கோ மரங்கள் மஞ்சளாகிக்கொண்டிருக்கின்றன. வாகனங்களெல்லாம் தெற்கு நோக்கி ஒரே திசையில் போகின்றன; 1970 உலகக் கண்காட்சி சமயத்தில் செய்த மாற்றம். பழைய கட்டடங்களின் நெற்றியெல்லாம் ஒரே மட்டத்தில் நிற்பதற்குக் காரணம், 31 மீட்டருக்கு மேல் எழும்பக்கூடாது என்று இருந்த விதி. அதைப் பிறகு தளர்த்திவிட்டார்கள். புதிய கோபுரங்கள் பின்னால் தள்ளி நின்று எட்டிப்பார்க்கின்றன.

மிடோ என்றால் வழிபாட்டு மண்டபம். வடக்கு மிடோ, தெற்கு மிடோ என்று இரண்டு ஹொங்கான்ஜி பௌத்த ஆலயங்கள் இந்தச் சாலையில் இருப்பதால்தான் அதற்கு இந்தப் பெயர். பிவா ஏரிக்கரையிலிருந்து, அதாவது ஓமி நாட்டிலிருந்து, மூட்டை சுமந்து வந்த வணிகர்கள் இந்தச் சமயத்தவர்கள். மிடோவின் மணியோசை கேட்கும் தூரத்தில் ஒரு கடை போட வேண்டும் என்பது அவர்களுக்கு வாழ்நாள் ஆசை. அப்படி வந்தவர்களில் ஒருவர் இத்தோ சூபெய். 1858-இல் லினன் துணியைச் சுமந்து விற்கத் தொடங்கியவர், 1872-இல் ஹொன்மாச்சியில் கடை திறந்தார். இத்தோச்சு, மருபெனி என்ற இரண்டு பெரும் வணிக நிறுவனங்களுக்கும் வேர் அந்தக் கடைதான்.

தெற்கு மிடோவுக்கு எதிரே, சாலை நடுவில் உள்ள பசுமைத் திட்டில் ஒரு சிறிய கல். ஹைக்கூ கவிஞர் பாஷோ 1694-இல் இறந்த வீடு இங்கே இருந்தது. நடைபாதையிலிருந்துதான் பார்க்க முடியும். ஊர் ஊராக நடந்தே கழித்த மனிதரின் கல்லுக்கு நடந்து போக வழியில்லை.

இரண்டாம் நாள், வியாழன்

யோடோயாபாஷி என்ற பாலத்தின் பெயரே ஒரு கடையின் பெயர். ஒசாகாவின் சுமார் இருநூறு பாலங்களில் அரசு கட்டியது பன்னிரண்டு. மற்றவற்றை வணிகர்களும் தெருக்காரர்களும் தங்கள் கைப்பணத்தில் கட்டிப் பராமரித்தார்கள். யோடோயா குடும்பம் தன் வாசலில் அரிசிச் சந்தை நடத்தியது. வாங்க வருபவர்களுக்காகப் பாலம் போட்டது. நாட்டிலுள்ள பிரபுக்களெல்லாம் அவர்களிடம் கடன்பட்டிருந்தார்கள். கோடைக்கால அறையின் கூரையில் கண்ணாடி பதித்து அதற்குமேல் தங்கமீன் நீந்தவிட்டிருந்ததாக ஒரு கதை உண்டு. 1705-இல், நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகனின் அரசு, தகுதிக்கு மீறிய ஆடம்பரம் என்ற குற்றம் சாட்டி, ஐந்தாம் தலைமுறை யோடோயா டட்சுகொரோவின் சொத்து முழுவதையும் பறித்து, ஊரைவிட்டு விரட்டியது. கடன் கொடுத்தவன் ஒழிந்தால் கடனும் ஒழியும். ஆடம்பரம் ஒரு சாக்கு என்று நினைக்காமல் இருக்க என் தொழில் விடவில்லை.

வணிகன் எவ்வளவு சேர்த்தாலும் வாளுக்குக் கீழேதான் என்று இந்த ஊருக்கு அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1724-இல், ஐந்து வணிகர்கள் சேர்ந்து ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். கைட்டொகுடோ என்று பெயர். இடம் இப்போது ஒரு பெரிய காப்பீட்டு நிறுவனத்தின் தலைமையகம். தெற்குச் சுவரில் நினைவுக்கல் பதித்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் இரண்டு பேர் செல்பேசியைப் பார்த்துக்கொண்டு நின்றதால் இரண்டு முறை தாண்டிப் போய்விட்டேன்.

1726-இல் அங்கே மாட்டிய விதிகள் எனக்குப் பிடித்தவை. புத்தகம் இல்லாதவரும் வந்து கேட்கலாம். தவிர்க்க முடியாத வேலை வந்துவிட்டால் பாடத்தின் நடுவில் எழுந்து போகலாம். சாமுராய்க்கு மேல் வரிசை உண்டு. ஆனால் பாடம் தொடங்கிய பிறகு வந்தால் உயர்வு தாழ்வு கிடையாது, கிடைத்த இடத்தில் உட்கார வேண்டியதுதான். கல்லாவில் ஆள் காத்திருக்கும்போது கன்பூஷியஸைப் பாதியில் விட்டுவிட்டு ஓட அனுமதி தந்த பள்ளி உலகத்தில் வேறு எங்காவது இருந்ததா தெரியவில்லை.

அங்கே படித்தவர்களில் டொமினாகா நகமோட்டோ ஒருவர். பௌத்த சூத்திரங்களெல்லாம் புத்தர் ஒருவரே சொன்னவை அல்ல, பின்னால் வந்தவர் ஒவ்வொருவரும் முன்னவரை விஞ்ச ஒன்றைச் சேர்த்துக்கொண்டே போனார்கள் என்று 1745-இல் அச்சிட்டுச் சொன்னார். இன்னொருவர் யமகாட்டா பான்டோ. பான்டோ என்றால் கடையின் தலைமைக் கணக்குப்பிள்ளை, அதையே புனைபெயராக்கிக்கொண்டார். செண்டாய் பிரபுவின் நொடித்த நிதியை நிமிர்த்தியவர். அதற்கு அவர் செய்த தந்திரமாகச் சொல்லப்படுவது இது: தரம் பார்க்க மூட்டையில் குத்தி எடுக்கும் அரிசி இருக்கிறதே, மூட்டைக்கு ஒரு பிடி, அதை மட்டும் எங்களுக்கு விட்டுவிடுங்கள் என்றாராம். யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை. ஆண்டு முடிவில் பிடியெல்லாம் சேர்ந்து மலையாகிவிட்டது. மண்டிக்காரர்கள் யாரும் இதைப் படித்துச் சிரிக்காமல் இருக்க மாட்டார்கள். இதே மனிதர் கண்பார்வை போன பிறகும் ஒரு பெருநூலை முடித்தார். பூமி சூரியனைச் சுற்றுகிறது, சாமியும் இல்லை பூதமும் இல்லை என்று அதில் எழுதிவைத்தார்.

மதியம் 'டெக்கிஜுக்கு' என்ற பழைய பள்ளியைப் பார்க்கப் போனேன். இரண்டு தெரு தள்ளி, கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே, மரத்தாலான இரண்டு மாடி வணிகர் வீடு. மருத்துவர் ஒகாட்டா கோஆன் 1838-இல் தொடங்கிய டச்சு மொழிப் பள்ளி, சில ஆண்டுகளில் இந்த வீட்டுக்கு மாறியது. பெயர்ப் பதிவேட்டில் 636 மாணவர்களின் கையெழுத்து இருக்கிறது. மேல்மாடிக்கு ஏறும் படி கிட்டத்தட்ட ஏணி. என் முழங்காலைக் கேட்டால் ஏணியேதான். மேலே பெரிய அறை. ஒரு மாணவனுக்கு ஒரு டட்டாமிப் பாய். மாதந்தோறும் தேர்வில் யார் முதலில் வருகிறானோ அவன் நல்ல பாயைத் தேர்ந்துகொள்வான். கடைசியில் வந்தவனுக்குப் படிக்கட்டு ஓரம். இரவில் போகிற வருகிறவர்களெல்லாம் அவனை மிதித்துக்கொண்டு போவார்கள். நடுத்தூணில் வாள் வெட்டுத் தழும்புகள். எல்லாம் இருபது வயதுப் பையன்கள்.

பக்கத்துச் சிறு அறையில்தான் அகராதி இருந்தது. டச்சு-ஜப்பானிய அகராதி, கையெழுத்துப் பிரதி, பள்ளிக்கே ஒன்றுதான். இரவெல்லாம் அந்த அறையில் விளக்கு அணையாதாம். இங்கே படித்த ஃபுகுசாவா ஒருமுறை காய்ச்சலிலிருந்து தேறிவரும்போது தலையணையைத் தேடினார், கிடைக்கவில்லை. அப்போதுதான் இந்தப் பள்ளிக்கு வந்ததிலிருந்து தலையணை வைத்துத் தூங்கியதே இல்லை என்பது நினைவுக்கு வந்ததாம். பர்ஸிலிருந்து பழைய நோட்டை எடுத்து அந்த அறையின் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தேன். கண்காணிக்கும் அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை; இதைச் செய்யும் முதல் ஆள் நானாக இருக்க வாய்ப்பில்லை.

கோஆனை நான் மதிப்பது வேறு காரணத்துக்காக. 1849-இல் அவர் பெரியம்மைத் தடுப்பூசி நிலையம் தொடங்கினார். பணம் போட்டவர் ஒரு வணிகர். குளிர்ப்பெட்டி இல்லாத காலம். தடுப்பு மருந்து உயிரோடு இருக்க வேண்டுமானால் ஒரு குழந்தையின் கையிலிருந்து இன்னொரு குழந்தையின் கைக்கு வாரந்தோறும் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். சங்கிலி ஒருமுறை அறுந்தால் எல்லாம் போயிற்று. மாட்டம்மையிலிருந்து வந்த மருந்து என்பதால், ஊசி போட்டால் பிள்ளை மாடாகிவிடுவான் என்று தாய்மார்கள் பயந்தார்கள். ஏழை வீடுகளுக்கு அரிசியும் காசும் கொடுத்துப் பிள்ளைகளை வரவழைத்தார்கள். அரசு அங்கீகாரம் 1858-இல்தான் வந்தது. ஒன்பது ஆண்டுகள் வாரந்தோறும் ஒரு குழந்தையைத் தேடியிருக்கிறார்கள்.

மூன்றாம் நாள், வெள்ளி

இன்று நவம்பர் 22. டோஷோமாச்சியில் ஷின்னோ திருவிழா, இன்றும் நாளையும். ஆண்டின் கடைசித் திருவிழா என்பதால் ஒசாகாக்காரர்கள் இதற்கு 'முடிப்புத் திருவிழா' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

டோஷோமாச்சி மருந்துத் தெரு. மருந்துக்கடைகள் அல்ல, மருந்து நிறுவனங்கள். டகேடா 1781-இல், ஓனோ 1717-இல், ஷியோனொகி 1878-இல் தொடங்கியவை. டனாபே 1678 வரை பின்னால் போகும். நாகசாக்கித் துறைமுகத்தில் சீனக் கப்பலிலிருந்து இறங்கிய வேரும் பட்டையும் இங்கே வந்து, தரம் பார்த்து, விலை வைத்து, பிறகே நாடெங்கும் போகும். 1722-இல் 124 வணிகர் கொண்ட சங்கத்துக்கு ஷோகன் அரசு அந்த உரிமையைக் கொடுத்தது. போலி மருந்து ஆளைக் கொல்லும் என்பதால் சங்கம் சாமியையும் துணைக்கு வைத்துக்கொண்டது. 1780-இல் அமைந்த சுகுனஹிகோனா கோயிலில் ஜப்பானிய மருத்துவ தெய்வமும், மூலிகைகளை நாக்கில் வைத்துச் சோதித்த சீனத்து ஷென்னொங்கும் ஒன்றாக இருக்கிறார்கள்.

கோயில் இரண்டு கட்டடங்களுக்கு இடையே ஒரு முடுக்கில் ஒளிந்திருக்கிறது. சாதாரண நாளில் தாண்டிப் போய்விடலாம். இன்று தெரு முழுக்கக் கடைகள். கோட்டு அணிந்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஆளுக்கொரு பச்சை மூங்கில் கிளை, அதில் தலையாட்டும் மஞ்சள் காகிதப் புலி. 1822-இல் காலரா வந்தபோது மருந்து வணிகர்கள் புலியின் மண்டையோட்டையும் சேர்த்து மாத்திரை உருட்டினார்கள். கூடவே காகிதப் புலியையும் காப்பாகக் கொடுத்தார்கள். மாத்திரை காலராவை நிறுத்தியிருக்காது. புலி மட்டும் இருநூறு ஆண்டாக வந்துகொண்டிருக்கிறது. மருத்துவ ஆராய்ச்சியில் கோடிகளைக் கொட்டும் நிறுவனங்களின் வரவேற்பு மேசையில் இந்த மூங்கில் கிளை ஓராண்டு நிற்குமாம். நானும் ஒன்று வாங்கினேன். மகள் வீட்டில் வைக்க இடமில்லை, குளிர்பதனப் பெட்டி மேல் வைத்திருக்கிறேன்.

தெருமுனையில் கொனிஷி வீடு. 1903-இல் கட்டியது, கறுப்புச் சுண்ணாம்புச் சுவர், அகன்ற ஓட்டுக் கூரை. சாலையை அகலப்படுத்தியபோது ஒரு பக்கத்தை வெட்டிக்கொண்டார்கள். உள்ளே போக முன்பதிவு வேண்டும், செய்யவில்லை. மருந்து விற்ற இந்தக் கடையில், இந்தக் கட்டடத்துக்கும் முன்னால், பதின்மூன்று வயதில் எடுபிடியாகச் சேர்ந்தவர் டொரி ஷின்ஜிரோ. பின்னால் ஜப்பானுக்கு விஸ்கி தந்த சன்டோரியை நிறுவியவர்.

அந்த எடுபிடிக்கு 'டெச்சி' என்று பெயர். பத்துப் பன்னிரண்டு வயதில் ஊரிலிருந்து கொண்டுவந்து விடுவார்கள். சம்பளம் இல்லை, சாப்பாடு, ஆண்டுக்கு இரண்டு முறை உடுப்பு, கொஞ்சம் கைக்காசு. விடுமுறை ஜனவரியில் ஒரு முறை, ஜூலையில் ஒரு முறை. பகலில் பெருக்குவது, சுமப்பது, ஓடுவது. இரவில் எழுத்தும் கணக்கும். பத்தாண்டு தாண்டினால் குமாஸ்தா, பிறகு பான்டோ. இன்னும் தேறினால் முதலாளி தன் கடையின் 'நோரென்' என்கிற வாசல் திரையைப் பிரித்துக் கொடுத்துத் தனிக்கடை வைத்துத் தருவார். மிகத் தேறினால் பெண்ணையே கொடுப்பார். மகனைத் தேர்ந்தெடுக்க முடியாது, மருமகனைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது இங்கே பழமொழி. பெண் பிறந்தால் மகிழ்ந்த வணிகர் வீடுகள் என்று இதைப் பெருமையாக எழுதுகிறார்கள். அந்தப் பெண்ணை யாரும் கேட்டார்களா என்று மகள் கேட்டாள். நான் பதில் வைத்திருக்கவில்லை.

மதியம் ஹொன்மாச்சிப் பக்கம் ஒரு சிறு கடையில் செம்பா-ஜிரு கிடைத்தது. உப்பிட்ட அயலை மீனின் சதையை மேசைக்கு அனுப்பிவிட்டு, மிஞ்சிய தலையையும் முள்ளையும் முள்ளங்கியோடு கொதிக்கவைத்த சாறு. டெச்சிகளின் உணவு. சூடாக இருந்தது, நன்றாகவே இருந்தது. இன்றைக்கு அதில் சதையும் போடுகிறார்கள்.

நான்காம் நாள், சனி

விடுமுறை நாள். பங்குச்சந்தை இருக்கும் கிட்டஹாமாவில் புறாக்கள்கூட மெதுவாக நடக்கின்றன.

முதலில் ஆற்றைத் தாண்டி டோஜிமா. யோடோயா வாசலிலிருந்த அரிசிச் சந்தை பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே இடம்பெயர்ந்தது. 1730-இல் ஷோகன் அரசு இதை ஏற்றது. உலகின் முதல் ஒழுங்கமைந்த முன்பேரச் சந்தை, அதாவது பின்னால் கைமாறும் சரக்குக்கு இன்றே விலை பேசும் சந்தை, என்று பொருளாதார நூல்கள் இதைக் குறிப்பிடுகின்றன. சாமுராய்களுக்குச் சம்பளம் அரிசியாகத்தான். அரிசியைக் கொண்டு கடையில் சாமான் வாங்க முடியாது. ஆகவே பிரபுக்கள் தங்கள் அரிசியை ஒசாகாவின் கிடங்குகளுக்கு அனுப்பிக் காசாக்கினார்கள். கிடங்குச் சீட்டு கைமாறியது. பிறகு சீட்டும் இல்லாமல், வெறும் பேரேட்டில் எழுதியே வாங்கி விற்றார்கள். விலையை மலை உச்சிகளிலிருந்து கொடியசைத்து, தொலைநோக்கி வைத்துப் பார்த்து, ஊர் ஊராகக் கடத்தினார்கள்.

சந்தையை மூடுவது எப்படி? ஒரு திரியைப் பற்றவைத்துத் தொங்கவிடுவார்கள். அது அணைந்தால் வணிகம் முடிந்தது. அப்போதும் கலையாமல் கத்திக்கொண்டிருந்தால், அதற்கென்றே நியமித்த ஆட்கள் வாளியில் தண்ணீர் எடுத்துத் தரகர்கள் மேல் ஊற்றுவார்கள். இந்தப் பதவியை இன்றைய பங்குச்சந்தைகள் ஒழித்தது தவறு.

இப்போது அங்கே ஆற்றோரத்தில் ஒரு பெரிய அரிசிமணி நிற்கிறது, கட்டடக் கலைஞர் அண்டோ டடாவோ வடிவமைத்தது. பக்கத்தில் ஒருவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு மதிய உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அரிசி உருண்டை.

திரும்பிக் கிட்டஹாமா. 1878-இல் தொடங்கிய பங்குச்சந்தை. 1935-இல் கட்டிய வட்டமான முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு, பின்னால் கோபுரத்தை 2004-இல் எழுப்பிவிட்டார்கள். முன்னால் கொடாய் டொமோஅட்சுவின் வெண்கலச் சிலை. தெற்கே சட்சுமா பிரபுவின் சாமுராயாக இருந்து, வாளைக் கழற்றிவிட்டுப் பங்குச்சந்தையும் வணிகர் சபையும் நிறுவியவர். ஷோகன் ஆட்சியை முடித்த மெய்ஜிப் புரட்சியில் பிரபுக்களின் கடன்கள் பெரும்பாலும் காற்றில் போய், ஒசாகா வணிகர்கள் நொடித்துக் கிடந்த நேரம் அது. 49 வயதில் இறந்தபோது அவருக்கு மிஞ்சியது கடன். டோக்கியோவோடு 2013-இல் இணைந்த பிறகு பங்குகள் அங்கே போய்விட்டன. முன்பேரம் மட்டும் இங்கே. பங்கு விலைக் குறியீடான நிக்கேய் 225-இன் முன்பேரம் ஜப்பானுக்குள் 1988-இல் தொடங்கியதும் இந்த ஒசாகாவில்தான். 1995-இல் பிரிட்டனின் பேரிங்ஸ் வங்கியைக் கவிழ்த்த பந்தயம் சிங்கப்பூரிலும் இங்கேயும் கட்டியது. தணிக்கையாளர்கள் பயிற்சி வகுப்பில் அந்தக் கதையை நாங்கள் சலிக்கச் சலிக்கக் கேட்டிருக்கிறோம்.

சிங்கங்கள் உட்கார்ந்திருக்கும் நானிவா பாலத்தைக் கடந்தால் நகாநோஷிமா தீவு. அங்கே சிவப்புச் செங்கல் பொது மண்டபம். இந்த ஐந்து நாளில் நான் அதிக நேரம் நின்றது இதன் முன்னால்தான்.

இவாமோட்டோ எய்னோசுகே கிட்டஹாமாவில் ஒரு பங்குத் தரகர். 1909-இல் ஷிபுசாவா தலைமையில் அமெரிக்கா போன வணிகர் குழுவில் இவரும் இருந்தார். அங்கே பணக்காரர்கள் ஊருக்கு நூலகமும் மண்டபமும் கட்டித் தருவதைப் பார்த்தார். 1911-இல் ஒசாகா நகரத்துக்குப் பத்து லட்சம் யென் கொடுத்தார். கட்டுமானம் தொடங்கியது. உலகப் போர் வந்தது. பங்குகள் ஏறிக்கொண்டே போயின. இவர் இறங்கும் என்று கணக்குப் போட்டு விற்றிருந்தார். கொடுத்த பணத்தில் கொஞ்சம் திரும்பக் கேளுங்கள் என்று வேண்டியவர்கள் சொன்னார்களாம். கொடுத்ததைக் கேட்பது ஒசாகா வணிகனுக்கு அவமானம் என்று மறுத்துவிட்டாராம். 1916 அக்டோபரில் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு இறந்தார். வயது 39. அந்த இலையுதிர் காலம் வரை காத்திராமல் உதிர்கிற மேப்பிள் இலைகளைப் பற்றிக் கடைசியாக ஒரு சிறு கவிதை எழுதிவைத்திருந்தார். மண்டபம் 1918-இல் முடிந்தது.

இன்று உள்ளே யாரோ பள்ளிப் பிள்ளைகளின் இசை நிகழ்ச்சி. வயலின் பெட்டிகளோடு அம்மாக்கள் படியேறிக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாம் நாள், ஞாயிறு

துணிக்கு ஒரு நாள் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்பதை மறந்துவிட்டேன். இங்கே மொத்த வணிகம் ஞாயிறு உறங்கும்.

செம்பா சென்டர் கட்டடம் என்று ஒன்று இருக்கிறது. பத்துக் கட்டடங்கள் வரிசையாக, கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளம், தலைமேல் விரைவுச்சாலை. சாலை போட நிலம் வேண்டும். நிலத்தில் துணி மண்டிக்காரர்கள் இருந்தார்கள். போக மறுத்தவர்களைச் சாலைக்கு அடியிலேயே குடிவைத்து 1970-இல் திறந்தார்கள். திறந்திருந்த சில கடைகளில் பொத்தான்களும் உள்ளாடைகளும் தெரிந்தன. மற்றபடி ஷட்டர், ஷட்டர், ஷட்டர். சிலவற்றில் 'சில்லறை விற்பனை இல்லை' என்று மகள் படித்துச் சொன்னாள். கடைக்காரர்கள் சந்தித்தால் 'மோகாரிமாக்கா?', அதாவது லாபம் வருகிறதா என்று கேட்பார்கள் என்றும், 'போச்சி போச்சி' என்று பதில் சொல்வார்கள் என்றும் படித்திருந்தேன். ஏதோ ஓடுகிறது என்று பொருளாம். நம் காதுக்கு அது வேறு மாதிரி விழுகிறது. இந்த ஷட்டர்களைப் பார்த்தால் நம் பொருளே பொருந்தும் போலிருந்தது. அலுவலகத்தில் யாரும் இப்படிப் பேசி ஒருநாளும் கேட்டதில்லை என்றாள் மகள்.

பிங்கோமாச்சியில் பருத்தித் தொழிலாளர் மாளிகை என்று எழுத வந்தது கை. இல்லை, பருத்தி முதலாளிகளின் மாளிகை. மெங்க்யோ கைகான், 1931. உள்ளே பார்க்க மாதத்தில் ஒரு நாள், அதற்கும் முன்பதிவு. வெளியே நின்று ஜன்னலைப் பார்த்தேன். கம்பி பதித்த கண்ணாடி. 1945 மார்ச் 13 இரவு அமெரிக்க விமானங்கள் செம்பாவை எரித்தபோது இந்தக் கட்டடம் பிழைத்ததற்கு அந்த ஜன்னலும் ஒரு காரணம் என்கிறார்கள். சுற்றிலும் மரக்கடைகள் அன்றிரவு சாம்பலாயின. இதைக் கட்ட ஆன செலவு 15 லட்சம் யென். அதில் பத்து லட்சம் டொயோபோ நூற்பாலையின் இயக்குநர் ஒகாடா சுனெசோ விட்டுச்சென்ற பணம். மறுபடியும் பத்து லட்சம். இந்த ஊரில் பெயர் நிற்க அதுதான் விலை போலும்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. ஷிபுசாவா முன்னின்று தொடங்கிய ஒசாகா நூற்பாலை 1883-இல் 10,500 கதிர்களோடு ஓடத் தொடங்கியது. இரவும் பகலுமாக இரண்டு ஷிஃப்ட். முதலில் எண்ணெய் விளக்கு, 1886-இல் மின்விளக்கு. விளக்கடியில் நின்றவர்களில் பெரும்பகுதி பெண்கள். உள்ளூர்ப் பஞ்சு போதவில்லை. சீனப் பஞ்சு, பிறகு இந்தியப் பஞ்சு. பம்பாயிலிருந்து கொண்டுவர ஐரோப்பியக் கப்பல் நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து கேட்ட கட்டணம் கட்டுப்படியாகவில்லை. 1893-இல் ஜாம்ஷெட்ஜி டாட்டா ஜப்பானுக்கு வந்தார், ஷிபுசாவாவோடு பேசினார், அந்த ஆண்டே ஜப்பானின் நிப்பான் யூசென் நிறுவனக் கப்பல்கள் பம்பாய்க்கு ஓடின. 1933-இல் ஜப்பான் துணி ஏற்றுமதியில் இங்கிலாந்தை முந்தியது. பிரிட்டிஷ் இந்திய அரசு ஜப்பான் துணிக்கு 75 சதவீத வரி போட்டது. இங்கே ஆலைகள் இந்தியப் பஞ்சை வாங்க மாட்டோம் என்று கூடி முடிவெடுத்தன. சிம்லாவில் பேச்சைத் தொடங்கி ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள்: ஜப்பான் 15 லட்சம் பேல் பஞ்சு வாங்கினால், அதிகபட்சம் 40 கோடி கஜம் துணி இந்தியாவுக்குள் விடலாம். பஞ்சு கொடுத்துத் துணி வாங்குகிற கணக்கில் யார் பக்கம் லாபம் நின்றது என்பதற்கு இந்த மாளிகையே ரசீது.

பதினோரு மணிக்கே கால் வலித்தது. "செம்பா மூடியிருந்தால் இன்னொரு செம்பாவுக்குப் போகலாம், அப்பா" என்றாள் மகள். விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். மிடோசுஜி ரயிலில் வடக்கே அரை மணி நேரம். மினோ-செம்பா ஹண்டாய்-மே என்ற நிலையத்தில் இறங்கினோம். 2024 மார்ச்சில் திறந்தது. இடநெருக்கடி தாங்காமல் துணி மொத்த வணிகர்கள் நிலம் வாங்கிக் குடியேறிய இடம் இது. வந்தவர்கள் ஊர்ப் பெயரையும் கட்டி எடுத்து வந்துவிட்டார்கள். பழைய இடத்தில் பெயர் அரசு ஏட்டில் இல்லை, இங்கே நிலையப் பலகையில் இருக்கிறது.

'ஹண்டாய்-மே' என்றால் ஒசாகாப் பல்கலைக்கழகத்தின் முன்னால். எதிரே அதன் அயல்மொழிப் பள்ளியின் புதிய வளாகம். டெக்கிஜுக்குவையும் கைட்டொகுடோவையும் தன் முன்னோராகச் சொல்லிக்கொள்ளும் பல்கலைக்கழகம். செம்பாவில் இருந்த அந்த வீட்டைப் பராமரிப்பதும் இதுதான். இந்தியும் உருதும் கற்பிக்கும் இந்த அயல்மொழிப் பள்ளி 1921-இல் தொடங்கியது, ஒரு கப்பல் முதலாளியின் மனைவி ஹாயாஷி சோகோ கணவர் இறந்த பின் கொடுத்த பணத்தில். எவ்வளவு என்று தேடிப் பார்த்தேன். பத்து லட்சம் யென். மகளிடம் காட்டினேன். "இந்த ஊரில் யாருக்கும் பேரம் பேசத் தெரியாதா?" என்றாள்.

பசித்தது. வாசலில் சீட்டு இயந்திரம் வைத்த ஒரு சிறு நூடுல்ஸ் கடை. ஷிபுசாவாவை உள்ளே தள்ளினேன். இயந்திரம் நாக்கை நீட்டித் திருப்பித் தந்தது. திருப்பிப் போட்டுப் பார்த்தேன், மறுபடியும் துப்பியது. புதிய நோட்டு இன்னும் அதற்குப் பழகவில்லை என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். மகள் என் பர்ஸை வாங்கி ஃபுகுசாவாவை எடுத்து விட்டாள். சத்தமில்லாமல் உள்ளே போனார்.